உப்பு பார்க்க மறுத்த நாள்

பசியைவிட எனக்குக் கேள்விகள்தான் ஜாஸ்தி என்று தம்பி இன்றைக்கும் கிண்டல் செய்வான். உண்மைதான். சின்ன வயதில் வயிறு காலியாக இருந்த நேரங்களில் நான் அழுததாக ஞாபகம் இல்லை. எதையாவது வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோலில் இருந்து மயிர் எப்படிக் கொத்துக்கொத்தாக வழிந்து வருகிறது? ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்ட தோல் மட்டும் ஏன் அழுகுவதில்லை? தெருவில் அத்தனை தோல் ஷாப் இருக்கும்போது நாய்கள் ஒரே ஒரு ஷாப் வாசலில் மட்டும் ஏன் படுத்துக் கிடக்கின்றன? அப்பாவிடம் கேட்டால், "போடி அந்தாண்ட" என்பார். எங்கள் வீட்டில் அதுவே நீளமான பேச்சு.

ஆலங்காயத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து ஆம்பூருக்குக் குடிவந்திருந்தோம். எழுபதுகளின் நடுவில் அது. அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. ஷாப்புக்குப் பின்னால் லைன் வீடுகளில் ஒரு ரூம் எங்களுடையது. பேருக்குக் கிறிஸ்தவ வீடு. கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச்சுக்குப் போவோம், கேக் கொடுப்பார்கள் என்பதால்.

அம்மா அப்பாவைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அடித்தது கம்மி. திட்டியதும் கம்மி. எங்களைப் பற்றிய ஞாபகமே கம்மி, அவ்வளவுதான். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்குகிறவர்கள் மாதிரி அவர்கள் எங்களை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். கூலி கைக்கு வந்ததும் அப்பா ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறிவிடுவார். அங்கே சீட்டாடுகிற தோஸ்துகள் இருந்தார்கள். திங்கட்கிழமை வருவார், சில வாரம் வியாழக்கிழமை வருவார், சில வாரம் வரவே மாட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்தால் ஆலங்காயத்தில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாள். அவர் இருக்கிறார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்று இவள் நினைப்பாள். இவள் இருக்கிறாள் என்று அவர் நினைப்பார். இரண்டு பேரும் இல்லாத வீட்டில் நானும் தம்பியும் இருப்போம். அப்போது எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு.

இது யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. அதற்குக் காரணம் இருந்தது. பெரியம்மாவுக்கு எல்லாம் பெண்பிள்ளைகள். "சின்னவன எனக்குக் குடுத்துடு, நான் வளத்துக்கறேன்" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் சண்டையில் அம்மா அப்பாவிடம் கத்தினாள். "அக்கம்பக்கத்துல எவளாவது புள்ளைங்களப் பத்தி ஒரு வார்த்த கேட்டுட்டாளா, அன்னிக்கே பையனக் கொண்டுபோய் அக்காகிட்ட வுட்டுடுவேன். ஒரு பேஜாராவது கொறையும்."

தம்பி இல்லாத அந்த ரூமை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் யார் கேட்டாலும், "அம்மாவுக்கு வேலூர் ஆசுபத்திரில வேலை, நைட்டுதான் வருவாங்க" என்று சொல்லிவைத்தேன். தம்பிக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவன் ஒருபடி மேலே போய், அம்மா ஊசி போடுகிறாள் என்று சொல்லித் திரிந்தான்.

பள்ளிக்கூட நாட்களில் கவலை இல்லை. மத்தியானம் கோதுமை ரவைச் சோறு போடுவார்கள். எனக்குப் போடுவதில் பாதியை மிச்சம் வைத்தால் ராத்திரிக்கும் ஆகும். லீவு விட்டால்தான் சங்கடம். அந்த வருஷம் காலாண்டு லீவு ரம்ஜான் மாதத்துக்கு நடுவில் வந்தது. லீவு விட்ட வாரமே அப்பா அம்மா இரண்டு பேரும் வழக்கம்போல ஒருவரை ஒருவர் நம்பிக் கிளம்பிப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்த கொஞ்சம் அரிசியும் சீக்கிரம் தீர்ந்தது.

எதிர் வீட்டில் காலா இருந்தாள். காலா என்றால் அவர்கள் பேச்சில் சித்தி, பெரியம்மா மாதிரி. லைனில் எல்லாப் பிள்ளைகளும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் வீட்டுக்காரர் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய்ப் பச்சைத்தோல் வாங்கிவந்து ஷாப்களுக்குப் போடுகிறவர். அவர்கள் வீட்டு மூலையில் ஒரு அரிசி மூட்டை நின்றுகொண்டிருக்கும். நான் வாசலில் உட்கார்ந்தால் நேரே அதுதான் கண்ணில் படும்.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். மூட்டை அரிசியை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் ஏன் பகல் முழுக்க யாரும் சாப்பிடவில்லை? காலாவின் பெரிய பையன் எச்சிலைக்கூட முழுங்காமல் துப்பிக்கொண்டே திரிந்தான். காலாவின் வீட்டுக்காரர் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து இறங்கினால், வாயைக் கொப்பளித்துத் துப்புவார், ஒரு சொட்டு உள்ளே போகாது. இல்லாதவன் சாப்பிடாமல் இருப்பது எனக்குத் தெரியும். இருக்கிறவன் சாப்பிடாமல் இருப்பது எதற்கு?

சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். யார் போனாலும் உண்டு. லைனில் இருந்த எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தூக்குப் போசியோடு போவோம். அரிசியும் பருப்பும் பூண்டும் புதினாவும் போட்டுக் குழைந்த கஞ்சி. அந்த வாசனை பட்டறைத் தெரு முனையிலேயே ஆளைப் பிடித்து நிறுத்தும். வரிசையில் நிற்கிற பையன்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. நான் இன்றைக்கு நோன்பு என்று ஒருவன் சொன்னால், "நாக்க நீட்டு பாக்கலாம்" என்பார்கள். நாக்கு வெளுத்துக் காய்ந்திருந்தால் நோன்பு. சிவப்பாக ஈரமாக இருந்தால் பொய். நிஜ நோன்பாளிக்கு வரிசையில் முன்னால் இடம் உண்டு.

லீவு விட்ட சில நாட்களில், ஒரு பையன் விளையாட்டுக்கு என் பக்கம் திரும்பி, "நீ நீட்டு" என்றான். நீட்டினேன். உற்றுப் பார்த்தான். "டேய், இவளும் நோன்புடா" என்று கத்தினான். தம்பியையும் நீட்டச் சொன்னார்கள். அவன் நாக்கு என்னுடையதைவிட வெள்ளை. இரண்டு பேரையும் மரியாதையாக முன்னால் விட்டார்கள்.

நாங்கள் பட்டினி கிடக்கிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நோன்பு இருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அதைப் பற்றியே யோசித்தேன். நேற்று சாயங்காலம் கஞ்சி குடித்தோம். இன்றைக்குச் சாயங்காலம்வரை ஒன்றும் இல்லை. அவர்கள் செய்வதும் இதுதானே? தண்ணீர் மட்டும்தான் வித்தியாசம், அதையும் விட்டுவிடலாம். தம்பியிடம் சொன்னேன். "நாளையில இருந்து நம்பளும் நோன்புடா. யாராவது கேட்டா தைரியமா சொல்லு." அவனுக்கு ஒரே குஷி. ஊசி போடுகிற அம்மாவைவிட இது நல்ல சமாச்சாரம்.

மறுநாளில் இருந்து நான் என் பசியையே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். அதே வயிறு, அதே காலி. ஆனால் வலி ஏன் கம்மியாக இருக்கிறது? முன்னெல்லாம் பசி வந்தால் எப்போது போகும் என்று தெரியாது. யார் வருவார்கள், எதைக் கொண்டுவருவார்கள், வருவார்களா என்றே தெரியாது. இந்தப் பசிக்கு ஒரு நேரம் இருந்தது. பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் சங்கு ஊதினால் முடிந்துவிடும். போசி நிறையக் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு, தொடாமல், சங்குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருப்போம். தம்பி போசியை மோந்து பார்த்துவிட்டு, "மோந்தா நோன்பு போய்டுமா?" என்று கேட்பான். "குளிக்கும்போது வாய்ல தண்ணி பூந்துட்டா?" "கனவுல சாப்ட்டா?" எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தீர்ப்புச் சொல்வேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் இருந்தேன்.

எனக்கு விடை தெரியாத இன்னொரு கேள்வி காலாவின் சமையல். வாயில் ஒன்றும் வைக்காமல் சமைக்கிறவள் உப்பு எப்படிப் பார்ப்பாள்? அதைக் கண்டுபிடிக்க ஒருநாள் மத்தியானத்துக்கு மேல் அவள் வீட்டு நிலைப்படியில் போய் நின்றேன். அவள் அடுப்பில் தால்ச்சா கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நல்ல நேரத்துக்கு வந்தியே. வா, வா. உப்பு சரியா இருக்குதா பாத்துச் சொல்லு" என்று கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, என் உள்ளங்கைக்கு நேராக நீட்டினாள். விடை இதுதான். நோன்பு இல்லாத வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உப்பு பார்க்கச் சொல்வாள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நான் நோன்பு, காலா."

அவள் சிரித்துவிட்டாள். "அரே, நீ நோன்பா? எப்பத்துல இருந்து?"

"லீவு வுட்டதுல இருந்து. தம்பியும்."

"பாருடா. சஹருக்கு இன்னா சாப்ட்டே?"

"சஹர்னா இன்னா?"

"விடியறதுக்கு மின்ன எழுந்து சாப்புடறதும்மா. தப்பு அடிச்சிட்டுப் போவாங்களே தெருவுல, கேட்டதில்ல?"

கேட்டிருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் கேட்டிருக்கிறேன். தொழுகைக்கு எழுப்புகிறார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒரு நிமிஷம் நிஜமாகவே கோபம் வந்தது. "சாப்புடலாமா?" என்று கேட்டேன். "நோன்புல சாப்புடலாமா?"

"சாப்புடாம நோன்பு வைக்கக்கூடாதும்மா. சின்னப் புள்ளைங்களுக்கு நோன்பே கெடையாது." அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "நீ கடைசியா எப்ப சாப்ட்ட?"

"நேத்து கஞ்சி."

"அதுக்கு மின்ன?"

"முந்தாநேத்தும் கஞ்சி."

அவள் கரண்டியைத் திரும்பச் சட்டியில் வைத்தாள். பிறகு என் தலைக்கு மேலே, எதிரில் திறந்து கிடந்த எங்கள் வீட்டைப் பார்த்தாள். ஆசுபத்திரி வேலையைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "உங்கம்மா எங்கம்மா?" என்றாள், மெதுவாக.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க காலா. தம்பிய இட்டுகினு போய்டுவாங்க."

"சரி, சரி" என்றாள். அப்போதே சாப்பிடச் சொன்னாள். சங்கு ஊதட்டும் என்றேன். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. அன்று சாயங்காலம் கஞ்சியோடு அவள் வீட்டுச் சமோசாவும் வந்தது. அடுத்த நாள் விடியுமுன் எங்கள் கதவு தட்டப்பட்டது. சூடான சோறும் தால்ச்சாவும். தம்பி தூக்கத்திலேயே வாயைத் திறந்தான், நான் ஊட்டினேன். தால்ச்சாவில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

ஆனால் அவள் சரி என்று சொன்னது என்னைச் சமாதானப்படுத்தத்தான். பிள்ளைகள் இருக்கும் நிலைமையைப் பெற்றவளுக்குச் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. ஆலங்காயத்துச் சந்தைக்குத் தோல் வாங்கப் போன அவள் வீட்டுக்காரர், பெரியம்மா வீட்டை விசாரித்துப் போய்ச் சேதி சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துக் காலை பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினாள். கையில் மஞ்சப்பை, பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் வாங்கிய இட்லிப் பொட்டலம்.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பொட்டலத்தை வைத்துவிட்டு, கொடியில் கிடந்த தம்பியின் சட்டைகளை உருவி மஞ்சப்பையில் திணித்தாள். "சாப்புடுடா சீக்கிரம். பெரிம்மா வீட்டுக்குப் போறோம். இனிமே அங்கதான் நீ." எதிர் வீட்டின் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நம்பிச் சொன்னேனே என்று இருந்தது.

தம்பி பொட்டலத்தைப் பார்த்தான். இட்லி என்றால் அவனுக்கு உயிர். பிறகு நிமிர்ந்து, "நான் நோன்பு" என்றான்.

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நேராக எதிர் வீட்டு வாசலுக்குப் போனாள். "இன்னா பாயம்மா, என் புள்ளைங்கள மாத்தப் பாக்கறியா?" என்று லைனே கேட்கிற மாதிரி கத்தினாள். அவரவர் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

காலா வெளியே வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் மாத்தலம்மா. உன் புள்ளைங்க பட்டினி கெடந்துச்சுங்க. உன் மானம் போகக்கூடாதுன்னு அதுக்கு நோன்புன்னு பேர் வெச்சிக்கிச்சு உன் பொண்ணு. எனக்கே அப்புறந்தான் தெரியும்."

அம்மா திரும்பி நடந்தாள். வீட்டுக்குள் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலாவின் மேல் இருந்த என் கோபம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது.

"சாப்புடுடா" என்றாள் மறுபடி. குரல் இறங்கியிருந்தது. "பஸ்ஸு போய்டும்."

"சங்கு ஊதினதும் சாப்ட்டுட்டு வர்றேன்."

அவன் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அடம் பிடிக்கவும் இல்லை. சாப்பிட ஒரு நேரம் இருக்கிறது, அதுவரை காத்திருக்க வேண்டும் என்பது அவனுக்கு நியாயமாகப் பட்டது, அவ்வளவுதான். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பத்து மணி பஸ் போனது. மத்தியான பஸ்ஸும் போனது. பொட்டலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள். நான் பிறந்ததில் இருந்து அம்மா அவ்வளவு நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. தம்பி வாசலுக்குப் போய் எச்சில் துப்பிவிட்டு வருவதை, நான் அவனுக்கு ஈரத்துணியால் முகம் துடைத்துவிடுவதை, இரண்டு பேரும் வழக்கம்போலத் தரையில் வயிறு படியப் படுத்துக்கொள்வதை எல்லாம் பார்த்தாள்.

"பசிக்கலியாடா?" என்றாள் ஒருதரம்.

"பசிக்குது."

"அப்புறம்?"

"சாயங்காலம் முடிஞ்சிடும்மா" என்று தம்பி அவளுக்குத் தைரியம் சொன்னான்.

அவளும் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. ரோஷமா, துக்கமா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை. அந்த ஒரு நாளில் அம்மா திருந்திவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகும் கோபம் வந்தால் பஸ் ஏறினாள். அப்பா கடைசிவரை ஜோலார்பேட்டையை விடவில்லை. பசிக்கு நானாகவே ஒரு நேரம் குறித்துக்கொள்ளும் வித்தையை வைத்துக்கொண்டு நானும் தம்பியும் வளர்ந்து ஆளானோம். நர்ஸிங் படித்த நாட்களிலும் எனக்கு அதுதான் கை கொடுத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சங்கு ஊதியது. தம்பி முதலில் தண்ணீர் குடித்தான். பிறகு பொட்டலத்தைப் பிரித்தான். இட்லி காய்ந்து ஓரம் விறைத்திருந்தது. ஒன்றை எடுத்துப் பிட்டு, முதல் வாயை அம்மாவிடம் நீட்டினான். "நீயும்தான சாப்புடல. உனக்கும் நோன்பு முடிஞ்சிடுச்சு."

அம்மா அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அழுதாள். அப்பா அடித்தபோதுகூட நான் அவள் அழுது பார்த்ததில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல போலாமாடா?" என்று அவனிடம் கேட்டாள். முதல் தடவையாகக் கேட்டாள், சொல்லவில்லை.

"நாளைக்கும் நோன்பு இருக்குதே."

"எதுவரைக்கும்?"

"பெருநாள் வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

அவனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தான். எனக்கு அது சுலபமான கேள்வி. நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன்.

"அதுக்கப்புறம் ஸ்கூல் தொறந்துடும்மா. மத்தியானச் சோறு போடுவாங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

அவளைக் குத்திக்காட்ட நான் அதைச் சொல்லவில்லை, அது அவளுக்கும் தெரிந்தது. நாங்கள் போட்டுவைத்த ஏற்பாட்டில் ஒரு இடத்திலும் அவள் இல்லை. அவள் எழுந்து மஞ்சப்பையைக் கவிழ்த்தாள். தம்பியின் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி, திரும்பக் கொடியில் போட்டாள்.